வாங்கிய கடன் பொய்யாகுமா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒருத்தர் பேங்க்ல கடன் வாங்கி வீடு வாங்குறார். சில வருஷம் ஒழுங்கா தவணை கட்டுறார். அப்புறம் முடியாம போகுது. பேங்க் வீட்டை லெலோங்குக்குக் கொண்டு போகுது. அந்த நேரத்தில் அவர் எழுந்து நின்று, "இந்தக் கடனே செல்லாது" என்று சொல்கிறார். அவர் செய்வது தர்மமா, அதர்மமா?

இந்தக் கேள்வியை எங்கள் பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களிடம் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "வாங்கினவன் கொடுக்கணும், அவ்வளவுதான் லா" என்றது ஒரு கட்சி. "பேங்க்காரன் மட்டும் ரொம்ப யோக்கியமா மச்சான்?" என்றது இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் சத்தமாகப் பேசினார்களே தவிர, "செல்லாது" என்று சொன்ன மனிதர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கடன் செல்லாது என்று சொல்கிறவர்கள் உண்மையில் மூன்று வேறு வேறு விஷயங்களில் ஒன்றைச் சொல்கிறார்கள். "நீ எனக்கு எதுவுமே கொடுக்கவில்லை" என்பது ஒன்று. "நான் கடன்பட்டது உன்னிடம் இல்லை" என்பது இன்னொன்று. "நீ கேட்கும் தொகை சரியில்லை" என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மூன்றுக்கும் நிஜ வழக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நீ எனக்கு எதுவும் கொடுக்கவில்லை"

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிரெடிட் ரிவர் என்று ஒரு சின்ன ஊர். 1968 டிசம்பரில் அங்கே ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. ஒரு வழக்கறிஞர் தன் வீட்டை அடமானம் வைத்து 1964-இல் 14,000 டாலர் கடன் வாங்கியிருந்தார். தவணை நின்றுபோனது. வங்கி வீட்டை எடுத்துக்கொண்டு அவரை வெளியேறச் சொன்னது. அவர் தனக்குத் தானே வாதாடினார். அந்த 14,000 டாலரை வங்கி தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தரவில்லை, கணக்குப் புத்தகத்தில் எழுதி உண்டாக்கியது, அதனால் தான் திருப்பித் தர வேண்டியது ஒன்றும் இல்லை என்பது அவருடைய வாதம். வங்கித் தலைவரும் சாட்சி சொல்லும்போது, பணம் அப்படிக் கணக்கில் எழுதித்தான் உண்டானது என்று ஒப்புக்கொண்டார். ஜூரிகள் வீட்டுக்காரர் பக்கம் நின்றார்கள். ஒன்றுமில்லாததிலிருந்து மதிப்புள்ள ஒன்றைப் படைக்கக் கடவுளால் மட்டும்தான் முடியும் என்ற பொருளில் உள்ளூர் நீதிபதி தீர்ப்பு எழுதினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. அவ்வளவு சிறிய நீதிமன்றத்துக்கு அப்படித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லை என்று அது ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு இதே வாதத்தோடு போனவர்களை அமெரிக்க நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கதை மட்டும் சாகவில்லை. "பேங்க் கடன் எல்லாம் பொய், கட்ட வேண்டியதில்லை" என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு அதற்கு வழி சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது. வங்கி கடன் கொடுக்கும்போது கணக்கில் ஒரு தொகையை எழுதிப் புதிய பணத்தை உண்டாக்குகிறது என்பது பொய்யில்லை. இங்கிலாந்தின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2014-இல் தன் காலாண்டு இதழில் இதை வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறது. அப்படியென்றால் அந்த மினசோட்டாக்காரர் சொன்னது சரிதானே?

யோசிச்சுப் பாருங்க. வங்கி கணக்கில் எழுதிய எண்ணை வீட்டை விற்றவர் ஏற்றுக்கொண்டார். அதை நம்பித்தான் சாவியைக் கொடுத்தார். அவர் அந்தப் பணத்தை வேறு வங்கிக்கு மாற்றினால், கடன் கொடுத்த வங்கி அதைத் தீர்த்துக் கொடுத்தே ஆகவேண்டும். அதாவது வங்கி எழுதியது வெறும் எண் இல்லை. "இதைக் கேட்டு வருகிறவருக்கு நான் கொடுப்பேன்" என்ற வாக்கு. அந்த வாக்கை அது காப்பாற்றியது. வீட்டின் சிமெண்டும் கம்பியும் கூரையும் நிஜம். அதில் படுத்துத் தூங்கிய இரவுகளும் நிஜம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடன் பத்திரத்தில் நான் போடும் கையெழுத்து எங்கிருந்து வந்தது? அதுவும் ஒன்றுமில்லாததிலிருந்துதான் வந்தது. பேனா எடுத்தேன், எழுதினேன், "30 வருஷம் கட்டுவேன்" என்று ஒரு வாக்கு உண்டாகிவிட்டது. வங்கியின் எழுத்து வெறும் எழுத்து என்றால் என் எழுத்தும் வெறும் எழுத்துதான். என் எழுத்தை நம்பி வீட்டை வாங்கிக்கொண்டு, அவர்கள் எழுத்தை மட்டும் பொய் என்று சொல்வது நியாயம் இல்லை. முதல் கேள்வியில் நான் "வாங்கினவன் கொடுக்கணும்" கட்சிதான்.

"நான் கடன்பட்டது உன்னிடம் இல்லை"

இரண்டாவது கேள்வி வேறு மாதிரி. இதற்கும் அமெரிக்காவுக்கே போக வேண்டும், இந்தத் தடவை மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு. சட்ட மாணவர்கள் இதை இபானெஸ் வழக்கு என்று அறிவார்கள்.

2005 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வீடு ஒன்றின் பேரில் 103,500 டாலர் கடன் கொடுக்கப்பட்டது. கடன் கொடுத்த நிறுவனம் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நிறுவனத்துக்கு விற்றது. அங்கிருந்து அது கைமாறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மற்ற வீட்டுக் கடன்களோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, முதலீட்டாளர்களுக்கான ஓர் அறக்கட்டளை அமைப்பிடம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்டது. வீட்டுக் கடனை இப்படி விற்பது அதிசயம் இல்லை. நம் நாட்டிலும் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்குவதற்கென்றே 1986-இல் காகாமாஸ் என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. விற்பதில் தப்பு இல்லை. விற்றதற்கு ஒழுங்கான கணக்கு இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

2007 ஜூலையில் அந்த வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் போட்ட வங்கியே வீட்டை எடுத்துக்கொண்டது. பிறகு வீட்டின் உரிமையை உறுதிப்படுத்திக்கொள்ள அதே வங்கியே நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேதான் சிக்கல் வெளியே வந்தது. ஏலம் போட்ட நாளில் அந்த அடமானம் தன் கையில் இருந்தது என்பதை வங்கியால் காட்ட முடியவில்லை. அடமானத்தை அதன் பேருக்கு மாற்றிய பத்திரம் 2008 செப்டம்பரில்தான் எழுதப்பட்டது, அதாவது ஏலம் முடிந்து ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து! 2011 ஜனவரி 7-ஆம் தேதி அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்த ஏலம் செல்லாது என்று சொன்னது.

என் நண்பன் ஒருவன் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அவர் தவணை கட்டலை, அது உண்மைதானே? பேப்பர் ஒரு வருஷம் லேட்டானா என்ன? வெறும் ஃபார்மாலிட்டிதானே?"

பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் "வெறும் ஃபார்மாலிட்டி" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு கட்டடத்தில் உத்தரம் தாங்குமா தாங்காதா என்பது காகிதத்தைப் பொறுத்தது இல்லை, வாஸ்தவம். ஆனால் சோதனை செய்யாமலே "சோதித்தேன்" என்று கையெழுத்துப் போட்டவனை யாரும் மன்னிப்பதில்லை. உத்தரம் நன்றாகவே இருந்தாலும் மன்னிப்பதில்லை. அடுத்தவன் உயிர் அந்தக் கையெழுத்தை நம்பி நிற்கிறது.

அந்த மாநிலத்தில் வங்கி ஒரு வீட்டை ஏலம் விட முன்கூட்டியே நீதிபதியின் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை. சட்டம் அவ்வளவு பெரிய அதிகாரத்தை வங்கியின் கையில் கொடுத்திருக்கிறது. பார்க்க ஒரு நீதிபதி இல்லாத இடத்தில், அதிகாரம் வைத்திருப்பவன் இரண்டு மடங்கு ஒழுங்காக இருக்க வேண்டாமா? இன்று ஒருவன் வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு, நாளை இன்னொருவன் வந்து "உண்மையான கடன்காரன் நான்தான்" என்று நின்றால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 2010-இல் அமெரிக்காவில் பெரிய ஊழல் ஒன்று வெளிவந்தது. வீடுகளைப் பறிமுதல் செய்ய நீதிமன்றத்தில் கொடுக்கும் சத்தியப் பத்திரங்களில், கோப்பைப் படிக்காமலேயே ஊழியர்கள் மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ரோபோ மாதிரிப் போட்டதால் அதற்கு 'ரோபோ சைனிங்' என்றே பேர் வந்துவிட்டது. 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் சுமார் 2,500 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொள்ள வேண்டி வந்தது.

சத்தியப் பத்திரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கடன் வாங்கியவர் தன் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று குற்றம் சாட்ட வந்தவர்கள், அந்தக் குற்றச்சாட்டையே பொய்ச் சத்தியத்தில் நிறுத்தினார்கள். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் வீட்டுக்காரரைப் பொறுப்பாக்கிவிட்டு, தன் பக்கத்து எழுத்தை மட்டும் "ஃபார்மாலிட்டி" என்று தள்ளிவிட முடியாது.

அதே சமயம் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இபானெஸ் தீர்ப்பு ஏலத்தைத்தான் ரத்து செய்தது, கடனை ரத்து செய்யவில்லை. "நீ யார் என்று நிரூபி" என்று கேட்பவர் கடனை மறுக்கவில்லை. சரியான ஆளுக்கு, சரியான முறையில் கட்ட விரும்புகிறேன் என்கிறார். "நீ நிரூபிக்கவில்லை, அதனால் வீடு எனக்கு இலவசம்" என்று தொடர்ந்தால், அவர் மறுபடியும் முதல் கேள்விக்கே திரும்பிப் போய்விடுகிறார்.

"நீ கேட்கும் தொகை சரியில்லை"

மூன்றாவது கேள்வி நம் நாட்டிலேயே வந்திருக்கிறது. மலேசியாவில் பல வருஷங்களாக ஒரு வகை இஸ்லாமிய முறை வீட்டுக் கடன் இருந்தது. எல்லா இனத்தவரும் அதை எடுத்திருக்கிறார்கள். அதில் வட்டி என்று ஒன்று இல்லை. வங்கி வீட்டை ஒரு விலைக்கு வாங்கி, அதிக விலைக்கு உங்களிடமே தவணையில் விற்கிறது. மொத்த விற்பனை விலையும் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிடும்.

2005 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கில் கடன் தொகை 394,172 ரிங்கிட். 25 வருஷத் தவணையில் விற்பனை விலை 992,363 ரிங்கிட். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 9 விழுக்காடு, 300 மாதம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 3,308 ரிங்கிட் வருகிறது. 300-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அதே தொகைதான். ஆக, 25 வருஷம் முழுதும் காசு வெளியே இருந்தால் வங்கிக்குக் கிடைக்க வேண்டியது அது.

ஆனால் அந்தக் குடும்பத்தால் தொடர்ந்து கட்ட முடியவில்லை. கட்டியிருந்தது 33,454 ரிங்கிட், ஏறக்குறைய பத்து மாதத் தவணைக்குச் சமம். வங்கி மிச்சம் 958,909 ரிங்கிட்டையும் கேட்டது. அதாவது இன்னும் வராத இருபது சொச்ச வருஷத்துக்கான லாபத்தையும் சேர்த்து, இப்போதே! ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே என்பது வங்கியின் பதில். நீதிபதி அதை ஏற்கவில்லை. கடந்து போகாத காலத்துக்கு வங்கி லாபம் கேட்க முடியாது என்று சொல்லித் தொகையைக் குறைத்தார்.

கதை அங்கேயே முடியவில்லை. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் இந்த வகை ஒப்பந்தம் செல்லும் என்று உறுதியாகச் சொன்னது. பிறகு 2011-இல் பேங்க் நெகாரா, இப்படிப்பட்ட கடன்களில் முன்கூட்டியே கணக்கு முடியும்போது வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஒப்பந்தம் செல்லும் என்பதும், அதில் எழுதியதையெல்லாம் அப்படியே வசூலிப்பது நியாயமாகிவிடாது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். முதலில் கேள்வி கேட்டவர்கள் தவணை கட்ட முடியாமல் நின்ற சாதாரண வீட்டுக்காரர்கள். பலன் பின்னால் வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு.

தொகையைக் கேட்பது என்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. போன வருஷம் எங்கள் வீட்டுக் கடன் அறிக்கையில் புரியாத ரெண்டு தொகை இருந்தது. அப்பா, "பேசாம கட்டிடு, பேங்க்ல தப்பா போடுவாங்களா?" என்றார். அம்மா, "கேட்டா என்ன, நாக்கு தேஞ்சா போகும்?" என்றார். அப்பாவும் நானும் கிளைக்குப் போய்க் கேட்டோம். ஒன்று தீக் காப்புறுதிப் பணம், அது சரியான தொகைதான். இன்னொன்று தாமதக் கட்டணம். தவணை நாளுக்கு முன்பே கட்டிய ரசீதைக் காட்டியதும் அதை நீக்கிவிட்டார்கள். சில பத்து வெள்ளிதான். ஆனால் வெளியே வரும்போது அப்பாவின் நடையே வேறு மாதிரி இருந்தது.

கடன் என்ற சொல்

நம்ம வீடுகளில் கடன் பேச்சு எடுத்தாலே அரிச்சந்திரன் வந்துவிடுவார். கொடுத்த வாக்குக்காக நாட்டை இழந்து, மனைவி மகனைப் பிரிந்து, சுடுகாட்டில் நின்றவர். அந்தக் கதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றுவது பெரிய தர்மம். ஆனால் அந்தக் கதையைக் கடன் வாங்கியவனுக்கு மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் பாதிப் பாடம்தான் ஆகும். சத்தியம் கடன் கொடுத்தவனுக்கும் பொதுதானே?

தமிழில் கடன் என்றால் வாங்கிய பணம் மட்டும் இல்லை, கடமை என்றும் பொருள். காலைக் கடன் என்கிறோம். தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்று சமய வகுப்பில் படித்திருக்கிறோம். இந்தச் சொல்லையே வைத்துப் பார்த்தால், கடன் கொடுத்தவனுக்கும் ஒரு கடன் இருக்கிறது. உண்மையான கணக்கைக் காட்டுவது, உரிமை தன்னிடம்தான் என்று நிரூபிப்பது, உரியதற்கு மேல் கேட்காமல் இருப்பது. வாங்கியவன் கட்ட வேண்டியது பணம். கொடுத்தவன் கட்ட வேண்டியது கணக்கு.

இதனால்தான் "கேள்வி கேட்பது மானக்கேடு" என்ற எண்ணம் எனக்குக் கவலை தருகிறது. பேங்க் கடிதம் வந்தால் பிரிக்காமலே அலமாரிக்குள் போகும் வீடுகள் நம்மில் உண்டு. கடைசியில் லெலோங் நோட்டீஸ் கேட்டில் ஒட்டப்படும்போதுதான் பிள்ளைகளுக்கே விஷயம் தெரியும். மானம் என்று நினைத்து மறைத்தது வீட்டையே கொண்டு போய்விடும். இன்னொரு பக்கம், "கட்டவே வேண்டாம், எல்லாம் பொய்" என்ற பேச்சை நம்பித் தவணையை நிறுத்துபவர்களும் அதே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். வங்கியில் இருப்பது முதலாளியின் பணம் மட்டும் இல்லை. நம்ம பாட்டியின் ஃபிக்ஸட் டெபாசிட்டும் அங்கேதான் இருக்கிறது.

நண்பர்களே, இதைப் பெரியவர்கள் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் பிடிபிடிஎன் கடனில்தான் படிக்கிறோம். வேலைக்குப் போனதும் கார், அப்புறம் வீடு. வீட்டுக் கடன் 35 வருஷம் வரைக்கும் போகலாம். இப்போது 22 வயது என்றால் நம் வாழ்க்கையின் பெரும்பகுதி யாரோ ஒருவருக்குக் கொடுத்த வாக்கோடுதான் ஓடப் போகிறது.

அதனால் மூன்று காரியம் செய்யலாம். கையெழுத்துப் போடும் முன் மொத்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள், மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக் கடன் அறிக்கையை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். கட்ட முடியாத நிலை வந்தால் மறைக்காமல் முதலிலேயே பேங்க்கிடம் பேசுங்கள். பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற ஆலோசனை நிலையம் 2006 முதல் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு கிடையாது.

விடுதியில் அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. என் பக்கத்து அறை நண்பன் இன்னமும் "வாங்கினவன் கொடுக்கணும்" கட்சிதான். நானும் அதே கட்சிதான் என்று அவனிடம் சொன்னேன். கொடுப்பதற்கு முன்னால் யாருக்கு, எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கொடுப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.